மெழுகுக் கட்டியோடு மதுரைக்குப் போனோம்: ஒரு புற்றுநோய்ப் பிரிவுக்கு என் ரிவ்யூ

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் ஆஸ்பத்திரி பெயர் எதுவும் வராது. திட்டு வாங்கப்போகும் இடங்கள் இருக்கின்றன, பாராட்டு வாங்கும் இடத்துக்குள்ளேயே திட்டு வாங்கும் கவுண்டரும் ஒன்று இருக்கிறது, எதற்கு வம்பு. நான் வழக்கமாக ரிவ்யூ எழுதுவது பலகாரக் கடைக்கும் மிக்ஸிக்கும்தான். இது என் பெரியாத்தா விஷயம், அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேரைப் போடாம எழுது, ஊரைப் போட்டாலும் போட்டுக்க" என்றார்.

பெரியாத்தாவுக்கு 68 வயது. கண்டனூர்ப் பக்கம் பெரிய வளவு வீடு, முகப்பிலிருந்து பின்கட்டுக் கதவு வரை நடந்தாலே ஒரு தெரு நடந்த மாதிரி. பங்காளிகள் எல்லாம் சென்னையிலும் மலேசியாவிலும். வீட்டில் இருப்பது அவரும் சமையலுக்கு வரும் அம்மாவும் மட்டும்தான். தை மாதம் "அந்த இடத்தில்" அரிப்பு ஆரம்பித்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. சூடு என்று நினைத்து எண்ணெய் தேய்த்துக் குளித்து, வெந்தயம் ஊறவைத்துக் குடித்து, இரண்டு மாதம் ஓட்டிவிட்டார்.

அப்புறம் பக்கத்து ஊர் கிளினிக் ஒன்று. பெண் டாக்டர்தான். சுகர் இருக்கிறதா என்று கேட்டார், இருக்கிறது என்றதும் அப்படியானால் பூஞ்சைதான் என்று களிம்பு எழுதிவிட்டார். களிம்பு தீர்ந்ததும் இன்னொரு களிம்பு, அதற்கப்புறம் உள்ளே வைக்கும் மாத்திரை. மூன்று தடவை போயும் ஒரு தடவைகூடப் படுக்கவைத்துப் பார்க்கவில்லை. பெரியாத்தாவுக்கும் பார்க்காதது நிம்மதியாகத்தான் இருந்ததாம், அதையும் சொல்ல வேண்டும். இடையில் ஒரு முகாமில் பாப் ஸ்மியர் எடுத்து நார்மல் என்று வந்துவிட்டதால் எல்லோருக்கும் தைரியம். பாப் ஸ்மியர் என்பது கருப்பை வாயிலிருந்து சுரண்டி எடுப்பது, பெண்ணுறுப்பின் வெளி உதட்டில் இருக்கும் புண்ணைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. கிளினிக்குக்கு 1 ஸ்டார், அதுகூட அங்கே ஃபேன் நன்றாகச் சுற்றியதற்காக.

வைகாசியில் சேலையில் ரத்தம் பட்டிருக்கிறது. மாதவிலக்கு நின்று 18 வருஷம் ஆனவருக்கு! அதையும் எங்களிடம் சொல்லவில்லை, துவைக்கும்போது பார்த்த சமையல் அம்மாதான் எனக்கு போன் போட்டார். அந்த அம்மாவுக்கு 5 ஸ்டார், தனியாக ஒரு சேலையும் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

காரைக்குடியில் இன்னொரு மகப்பேறு டாக்டரிடம் கூட்டிப்போனேன். வயதானவர், கொஞ்சம் சிடுசிடுப்பு, காத்திருக்கும் இடத்தில் நாற்காலி போதாது. ஆனால் உள்ளே போனதும் முதல் வேலையாகக் கதவைச் சாத்தி, லைட்டைப் போட்டு, பார்த்தார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. இடது உதட்டில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு தடிப்பு, நடுவில் ரோஜா நிறம், ஒரு ஓரத்தில் மட்டும் மை தடவிய மாதிரி கறுப்பு. "ஆச்சி, இதுக்கு மருந்து எழுத மாட்டேன், துளி எடுத்து அனுப்பிப் பார்க்கணும்" என்றார். மரத்துப்போக ஊசி போட்டு, பேனா முனை மாதிரி ஒரு கருவியால் தோலின் முழு ஆழத்துக்கும் சின்னத் துண்டு எடுத்தார், ஒரு தையல். அவ்வளவுதான் பயாப்சி. இத்தனை மாதமாக எல்லோரும் பயந்து தள்ளிப்போட்டது இதைத்தான்.

அந்த இடத்தில் கறுப்பாக எது இருந்தாலும் புற்றுநோய் என்று இதைப் படித்துவிட்டு யாரும் தூக்கம் கெட வேண்டாம். நிறையப் பெண்களுக்கு அங்கே கருந்திட்டுகள் வரும், அவை ஒன்றும் செய்யாது, பெயர் மெலனோசிஸ். வம்பு என்னவென்றால் வெறும் கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிப்பது டாக்டருக்கே கஷ்டம், போதாததற்கு மெலனோமா என்ற கறுப்புப் புற்றில் கறுப்பே இல்லாத வகையும் உண்டு, வெறும் சிவந்த சதை மாதிரி இருக்கும். அதனால்தான் துளி எடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள்.

பத்து நாளில் ரிப்போர்ட் வந்தது. கார்சினோமா, அதாவது மேல்பூச்சுச் செல்லில் வரும் புற்று, அதிலும் எந்த வகை என்று தெளிவாகச் சொல்ல முடியாத முரட்டு வகை என்கிற மாதிரி எழுதியிருந்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "எனக்கு இந்த ரிப்போர்ட்ல திருப்தி இல்ல. மதுரைக்குப் போங்க. போறப்ப ஸ்லைடையும் பிளாக்கையும் லேப்ல வாங்கிட்டுப் போங்க, ரிப்போர்ட் பேப்பரை மட்டும் தூக்கிட்டுப் போகாதீங்க."

நான் இந்த ரிவ்யூ எழுத உட்கார்ந்ததே அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான்.

பிளாக் என்றால் என்ன என்று எனக்கும் தெரியாது. எடுத்த சதைத் துண்டைப் பதப்படுத்தி மெழுகில் பதித்து வைப்பார்கள், கட்டைவிரல் அகலத்துக்குக் குட்டி மெழுகுக் கட்டி, பின்னால் பிளாஸ்டிக் அச்சு, அதில் நம்பர். அதிலிருந்து வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, சாயம் ஏற்றினால் ஸ்லைடு. ஸ்லைடு ஏற்கெனவே சீவியது, அதை மறுபடி பார்க்கலாம், அவ்வளவுதான். பிளாக் கையில் இருந்தால் புதிதாகச் சீவிப் புதிய டெஸ்ட் போடலாம், வருஷக்கணக்கில் கழித்துக்கூட. பேப்பரில் இருப்பது ஒருவருடைய கருத்து, பிளாக்கில் இருப்பது நம் சதை.

லேபுக்குப் போனால் "பிளாக் எல்லாம் குடுக்குறதில்லீங்க" என்றான் கவுண்டர் பையன். நோயாளி எழுதிக் கேட்டால் தருவார்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார், அதனால் நான் நகரவில்லை. மறுநாள் வரச் சொன்னார்கள், மறுநாள் பொறுப்பாளர் இல்லை என்றார்கள், மூன்றாம் நாள் பெரியாத்தா கையெழுத்துப் போட்ட கடிதமும் ஆதார் நகலும் வாங்கிக்கொண்டு ஒரு ஜிப் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். லேபுக்கு 2 ஸ்டார். ஸ்லைடைத் தவறாகப் படித்ததற்காக (அது பின்னால்தான் தெரிந்தது) குறைக்கவில்லை, அது யாருக்கும் நடக்கும், இந்த நோயை ஆயுளில் ஒன்றிரண்டு தடவை பார்க்கும் லேப்கள்தான் அதிகம். மூன்று நாள் அலையவிட்டதற்குத்தான் குறைத்தேன்.

பிள்ளையார்பட்டியில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, திருப்பத்தூர், மேலூர் வழியாகக் காரில் இரண்டு மணி நேரம். மெழுகு வெயிலில் இளகிவிடுமோ என்று பயந்து முன்கண்ணாடிப் பக்கம் வைக்காமல் தண்ணீர் பாட்டில் பையில் துணி சுற்றி வைத்துக்கொண்டேன். கும்மாயமும் சீப்பு சீடையும் ஒரு டப்பா, பயாப்சி பிளாக் ஒரு டப்பா.

இப்போது மதுரை. பெண்களுக்கான புற்றுநோய் அறுவைசிகிச்சைப் பிரிவு, தனியார் ஆஸ்பத்திரி. பார்க்கிங் மோசம், வெயிலில் நிறுத்த வேண்டும். காலை 8 மணிக்கு டோக்கன் போட்டால் டாக்டரைப் பார்க்க மதியம் ஒன்று ஆகிறது. பில் கவுண்டரில் ஒரு பையன் எந்தப் பிரிவு, எந்த உறுப்பு என்று ஒலிபெருக்கி வைத்த மாதிரி கத்துகிறான், பெரியாத்தா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். இதைப் புகார்ப் பெட்டியிலும் எழுதிப் போட்டேன். கேன்டீன் சாம்பார் இனிக்கிறது, மதுரையில் இது எப்படி நடந்தது என்று தெரியவில்லை.

டாக்டர் வேறு ரகம். முதல் நாளே, பார்த்த உடனேயே, அறுவைசிகிச்சை தேதி கொடுப்பார் என்று நினைத்துக்கொண்டு போனோம், அவர் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு ஓரமாக வைத்துவிட்டார். "பிளாக் கொண்டு வந்தீங்களா?" நான் பையிலிருந்து எடுத்ததும் சிரித்துவிட்டார், பத்துப் பேரில் ஒருவர்கூடக் கொண்டு வருவதில்லையாம், திரும்ப ஊருக்கு அனுப்பி வாங்கிவரச் சொல்வதிலேயே ஒரு வாரம் போகுமாம்.

அவர்களுடைய நோய்க்கூறு பிரிவில் மறுபடி சீவி, சிறப்புச் சாயங்கள் போட்டுப் பார்த்தார்கள். ஸ்லைடு மறுபார்வைக்கும் சாயங்களுக்கும் சேர்த்து எங்களுக்கு ரூ. 8,000 சொச்சம் ஆனது. நம் பக்கத்தில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் எந்த ஊர், எந்தக் கோயில் என்று கேட்போமே, அதே மாதிரி செல்லிடம் நீ எந்தக் கோயில் என்று கேட்கிற வேலைதான் அது. எஸ்-100, சாக்ஸ்-10, எச்எம்பி-45, மெலன்-ஏ என்று நாலு கேள்வி, நாலுக்கும் ஆமாம் என்றது. கார்சினோமாவாக இருந்தால் ஆமாம் சொல்லியிருக்க வேண்டிய சைட்டோகெராட்டினுக்கு இல்லை என்றது. ஆக, கார்சினோமா இல்லை, மெலனோமா. நிறமி செய்யும் செல்லில் வரும் புற்று. ஆறாவது நாள் ரிப்போர்ட் கையில், எனக்கு நேரே போன் போட்டுச் சொன்னார்கள். இந்தச் சேவைக்குக் கண்ணை மூடிக்கொண்டு 5 ஸ்டார்.

மெலனோமா என்றால் வெள்ளைக்காரர்களுக்கு வெயிலில் வருவது என்றுதான் படித்திருக்கிறேன். டாக்டரிடம் அதையே கேட்டேன். வெயிலே படாத இடத்தில் எப்படி? நிறமிச் செல் தோலில் மட்டும் இல்லை, வாய், மூக்கு, மலக்குடல், பெண்ணுறுப்பு என்று ஈரச்சவ்விலும் இருக்கிறது என்றார். சவ்வில் வருவது எல்லா மெலனோமாவிலும் நூற்றுக்கு ஒன்றைச் சற்றுத் தாண்டும், அதிலும் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் பெண்களின் பிறப்புறுப்புப் பாதையில் வருவது. பெரும்பாலும் வெளி உதட்டுப் பகுதியில், அதைவிடக் குறைவாக உள்குழாயில், அபூர்வத்திலும் அபூர்வமாகக் கருப்பை வாயில். பெரும்பாலும் மாதவிலக்கு நின்ற வயதில். உள்குழாயில் வந்தால் பல சமயம் முன்சுவரின் கீழ்ப்பகுதியில் ஒளிந்திருக்கும், ரத்தம் வந்த பிறகுதான் தெரியும், அதனால் அதற்குப் பலன் இன்னும் மோசம். ஒட்டுகிற நோய் இல்லை, கருப்பை வாய்ப் புற்றுக்குக் காரணமான எச்பிவி கிருமியால் வருவதும் இல்லை, சுத்தக்குறைவால் வருவதும் இல்லை. இந்தக் கடைசி வரியைப் பெரியாத்தா இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். இத்தனை மாதம் மனதில் எதை வைத்துக்கொண்டிருந்தார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

உறவில் ஒரு கூட்டம் சென்னை அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போகச் சொன்னது. தப்பே இல்லை, 1954-ல் அந்த இன்ஸ்டிட்யூட்டைத் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டி நமக்குப் பக்கத்துப் புதுக்கோட்டைக்காரர்தான், தங்கை புற்றுநோயில் போனதைப் பார்த்த வைராக்கியத்தில் கட்டினார். ஆனால் பல்லவன் எக்ஸ்பிரஸில் விடிகாலை ஏறி உட்கார்ந்து போகிற நிலைமையில் பெரியாத்தா இல்லை, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போகவும் வேண்டும். மதுரையே போதும் என்று முடிவு செய்தோம்.

உடம்பில் வேறு எங்காவது பரவியிருக்கிறதா என்று பார்க்கப் பெட் ஸ்கேன் எடுத்தார்கள், ரூ. 15,000-க்கு மேல். வேறு எங்கும் இல்லை. அதற்கப்புறம்தான் ஆபரேஷன் பேச்சு. முன்பெல்லாம் இந்த நோய்க்கு மொத்தத்தையும் வெட்டி எடுத்து, இரண்டு தொடை இடுக்கிலும் நெறிகளை வழித்தெடுத்து விடுவார்களாம். அப்படிச் செய்தும் ஆயுள் கூடவில்லை, கால் வீக்கமும் ஆறாத புண்ணும்தான் மிச்சம் என்று தெரிந்த பிறகு, புண்ணைச் சுற்றி நல்ல தோல் இரண்டு சென்டிமீட்டர் சேர்த்து எடுத்தால் போதும் என்று வந்திருக்கிறது. ஆழம் குறைவாக இருந்தால் ஒரு சென்டிமீட்டரே போதும். இதை எல்லாம் டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் வரைந்து காட்டினார். அந்தச் சீட்டு இன்னும் இருக்கிறது.

நெறி விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும் இல்லையா, அதே பாதையில்தான் புற்றும் நகரும். கட்டியிலிருந்து வடிவது முதலில் எந்த நெறிக்குப் போகிறதோ அதை மட்டும் கண்டுபிடித்து எடுத்துப் பார்ப்பது, அதில் இல்லை என்றால் மற்றதைத் தொட வேண்டாம். கண்டுபிடிக்கக் கட்டியைச் சுற்றிக் கொஞ்சம் கதிரியக்க மருந்தும் நீலச் சாயமும் ஊசியில் போடுகிறார்கள். ஆபரேஷன் முடிந்த மறுநாள் சிறுநீர்ப் பையில் பச்சை நிறத்தில் இறங்கியதும் பெரியாத்தா அலறிவிட்டார், நர்ஸ் ஓடிவந்து அது சாயம்தான் ஆச்சி, போயிரும் என்றார். இதை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். அரை ஸ்டார் இதற்காகக் குறைத்தேன்.

ஆபரேஷன் ரிப்போர்ட்டில் மூன்று விஷயம் பார்க்கச் சொன்னார்கள். எத்தனை மில்லிமீட்டர் ஆழம், மேலே புண்ணாக உடைந்திருக்கிறதா, ஓரம் சுத்தமா. ஆழத்தை மைக்ரோஸ்கோப்பில் அளக்கும் இந்த வழக்கம் 1970-ல் பிரெஸ்லோ என்ற அமெரிக்க மருத்துவர் கொண்டுவந்தது, அவர் பெயரில்தான் ரிப்போர்ட்டில் வரும். பெரியாத்தாவுக்கு 2.4 மில்லிமீட்டர், உடையவில்லை, ஓரம் சுத்தம், நெறியிலும் இல்லை. நல்ல செய்தி என்றேன். டாக்டர் "நல்ல செய்திதான், ஆனா இது நம்பக்கூடிய நோய் இல்ல" என்றார். அவர் மழுப்பாமல் பேசுவது எனக்குப் பிடித்திருக்கிறது, என் அண்ணனுக்குப் பிடிக்கவில்லை.

திரும்பி வந்தால் என்ன வழி என்றும் கேட்டோம். பழைய கீமோ இதில் பெரிதாக எடுபடாது. நம் உடம்பின் எதிர்ப்புச் சக்திக்குப் போட்டிருக்கும் பிரேக்கை எடுத்துவிடும் ஊசிகள்தான் இப்போது முதல் வழி, அந்தக் கண்டுபிடிப்புக்குத்தான் 2018-ல் ஆலிசன், ஹோஞ்சோ இருவருக்கும் நோபல் கொடுத்தார்கள். சவ்வில் வரும் மெலனோமா தோலில் வருவது அளவுக்கு அதற்கு மசிவதில்லை, விலை லட்சக்கணக்கில். இன்னொரு வழி, கட்டியில் கிட் என்ற மரபணு மாறியிருந்தால் இமாடினிப் மாத்திரை. தோல் மெலனோமாவில் பிராஃப் என்ற இன்னொரு மரபணுவின் மாற்றம் அதிகம், சவ்வு வகையில் அது குறைவு, கிட் மாற்றம் கூடுதல். இமாடினிப் ரத்தப் புற்றுக்கு வந்த மருந்து, கிளிவெக் என்ற அதன் கம்பெனிப் பெயரில் நடந்த பேட்டன்ட் வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் கம்பெனிக்குப் பேட்டன்ட் கிடையாது என்று சொன்னதால் நம் நாட்டில் மலிவாகவே கிடைக்கிறது. பெரியாத்தாவின் கட்டத்துக்கு இப்போது இது எதுவும் வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்டினால் போதும் என்றார்கள். ஒருவேளை திரும்பி வந்தால் அந்த மரபணு டெஸ்டை எதில் போடுவார்கள்? பிளாக்கில்தான். ஆபரேஷனில் எடுத்தது அவர்களிடம் இருக்கும், நான் கொண்டுபோனதைத் திருப்பிக் கொடுத்துப் பத்திரமாக வைக்கச் சொன்னார்கள்.

பணம். முதலமைச்சர் காப்பீட்டில் வருஷம் 5 லட்சம் வரை உண்டு, வருமான வரம்பு ரூ. 1.20 லட்சம். பெரியாத்தா கையில் வரும் காசு அதற்குப் பக்கத்தில்தான், ஆனால் பர்மா தேக்குத் தூண் வைத்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு வருமானச் சான்றிதழ் கேட்டால் கிராம நிர்வாக அலுவலர் தூணையும் பார்க்கிறார், எங்களையும் பார்க்கிறார். கடைசியில் பங்காளிகள் சேர்ந்து கட்டினார்கள். ஆபரேஷன், ஐந்து நாள் படுக்கை எல்லாம் சேர்த்து முதலில் சொன்ன தொகையைவிட ரூ. 12,000-தான் கூட வந்தது, விவரமான பில் கேட்டதும் கொடுத்தார்கள். அதற்கு மதிப்பெண் உண்டு.

வீட்டுக்கு வந்த பிறகு பட்ட பாட்டை யாரும் சொல்லித்தரவில்லை. தையல் போட்ட இடம் உட்காரும் இடம். தரையில் சம்மணம் போடக்கூடாது, பட்டாலையில் 60 வருஷமாகத் தரையிலேயே உட்கார்ந்தவர். கழிவறை மூன்றாம் கட்டுக்கும் அப்பால், இரண்டு படி இறங்கி ஏற வேண்டும். முகப்பு அறையில் கட்டிலும் கமோட் நாற்காலியும் வாடகைக்கு எடுத்துப் போட்டோம், வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் தினம் இரண்டு வேளை உட்கார வேண்டும் என்று டாக்டர் எழுதியிருந்ததற்கு ஒரு பழைய அண்டா உதவியது. இரண்டாம் வாரம் ஒரு தையல் விட்டுப்போனது, போட்டோ எடுத்து அனுப்பினால் நர்ஸ் பதில் போட்டார், பயப்படும்படி இல்லை. போட்டோ எடுக்க முதலில் சம்மதிக்கவில்லை, "எங்கடி போகும் அது?" என்று நூறு கேள்வி. நர்ஸின் போனுக்குப் போகும், பார்த்ததும் அழித்துவிடுவார் என்று அந்த நர்ஸே பேசிச் சொன்ன பிறகுதான்.

மொத்தத்தில் மதுரைக்கு என் கணக்கில் 4 ஸ்டார். பில் கவுண்டர் பையன் குரலைக் குறைத்தால் நாலரை.

இரண்டு தடவை செக்கப் போய் வந்துவிட்டோம். அடுத்தது மாசியில். பிளாக்கை எங்கே வைப்பது என்று வீட்டில் பெரிய விவாதம் நடந்தது. ஃபிரிட்ஜில் வைக்கலாம் என்றேன், சாப்பாட்டுப் பக்கத்தில் அது வேண்டாம் என்று சமையல் அம்மா மறுத்துவிட்டார். கடைசியில் பெரியாத்தாவே ஜிப் கவரைத் துணியில் முடிந்து, இரண்டாம் கட்டு உள்ளறையில் இருக்கும் இரும்புப் பெட்டியில், திருமாங்கல்யப் பெட்டிக்கும் வீட்டுப் பத்திரத்துக்கும் நடுவில் வைத்திருக்கிறார். இரண்டடிச் சுவர், சித்திரை வெயிலிலும் அந்த அறை குளுகுளு என்றிருக்கும். சாவி அவர் இடுப்பில்.